தலைவரின் ஊமைக் கணினி

அத்தியாயம் 3

நோபல் பார்க் தமிழர் ஒன்றியத்தின் மண்டபத்துக்கு வெளியே இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்றில் ஒன்றியத்தின் பெயர். மற்றதில் தலைவரின் பெயர். தெருமுனையில் திரும்பும்போதே வாசிக்க முடிந்தது இரண்டாவதைத்தான்.

“இதென்னக்கா, ஆள் உயிரோட இருக்கேக்கையே நினைவு மண்டபமோ?” என்று கேட்டபடி அருந்தவன் காரை நிறுத்தினான்.

“வாயைக் கொஞ்சம் பூட்டி வைங்க. கிளையன்ட் வர்றாங்க,” என்றாள் லக்ஷ்மிப்ரியா.

லக்ஷ்மிப்ரியா சென்னைக்காரி. பரமட்டாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் உட்கார்ந்து, எரியாத வீடுகளுக்கும் முறியாத கால்களுக்கும் பணம் கேட்டு வருபவர்களைப் பல வருடம் பிடித்துக் கொடுத்தவள். பிறகு மெல்பேர்ணுக்கு வந்து துப்பறிவாளர் உரிமம் எடுத்தாள். அருந்தவன் யாழ்ப்பாணத்தான். ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். மேலாளரை அவர் முகத்துக்கு நேரேயே பகிடி பண்ணியதால் அந்த வேலை போனது. அதே தகுதியால் இந்த வேலை கிடைத்தது.

பின்கதவைத் திறந்து ஏறியவள் தர்சினி, ஒன்றியத்தின் செயலாளர். ஏறியவுடனே விடயத்துக்கு வந்தாள்.

“பின்னேரம் பொதுக்கூட்டம் அக்கா. என்னைத் தூக்கப் போகினம்.”

“என்ன குற்றம்?”

“கோள் சொல்லுறனாம். ஒரு மாசமாச் செயற்குழுவிலை நாங்கள் கதைக்கிறதெல்லாம் வெளியிலை போகுது. சனிக்கிழமை காலமை சூமிலைதான் கூட்டம். நாங்கள் எல்லாரும் வீட்டிலை. தலைவர் மட்டும் இங்க ஒன்றிய அலுவலகத்திலை. அந்தப் பெரிய கதிரையிலை இருந்தாத்தான் அவருக்குப் பேச்சு வரும். நான் லப்டொப்பை மூட முதலே கதை ஊருக்குள்ளை போயிடுது.”

“எந்த மாதிரிக் கதை?”

“ஆண்டு விழாவுக்குக் குசினி அன்ரிமாரை விட்டிட்டு வெளியிலை கேற்றரிங் பிடிப்பம் எண்டு நான் சொன்னனான். அண்டைக்கு மத்தியானத்திலை இருந்து யோகா அன்ரி என்னோட பேச்சில்லை. எங்கட பொருளாளர் சேஷாத்ரி அங்கிள் வடையைப் பற்றி ஏதோ சொன்னார். அடுத்த கிழமை அவற்ர தட்டிலை மட்டும் வடை இல்லை. முரளிதரன் அண்ணையின்ர நாடகம் நீளம், பாதியா வெட்டுவம் எண்டு நான் சொல்ல, அவர் பின்னேரமே என்ர வீட்டுக்கு வந்து முழு நாடகத்தையும் நடிச்சுக் காட்டினார்.”

“ஐயோ,” என்றான் அருந்தவன், உண்மையான அனுதாபத்துடன்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் லக்ஷ்மிப்ரியா. “உங்களுக்கே ஆபத்தான பேச்சை நீங்களே வெளியில சொன்னீங்கன்னா தலைவர் சொல்றார்?”

“அதைத்தான் நானும் கேட்டனான். அது என்ர தந்திரமாம்.” தர்சினி கார்ச் சாவியை விரலில் முறுக்கினாள். “பதவி போனாப் போகட்டும் அக்கா. ஆனா எங்கட சனத்துக்குள்ளை ஒருக்காக் ‘கோள்சொல்லி’ எண்டு பேர் விழுந்தா, மகளின்ர நடன வகுப்பு வாசலிலையும் அது எனக்கு முன்னாலை போய் நிக்கும். ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிட மாட்டினம். கூப்பிட்டாலும் நான் கிட்டப் போக எல்லாரும் காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவினம்.”

மெல்பேர்ணில் காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்துவது கடினம் என்பது அருந்தவனுக்குத் தெரியும். விடயம் பாரதூரமானதுதான்.

“கூட்டத்துல தலைவர் எப்படி நடந்துக்கிறார்?”

“அதுதான் அதிசயம். முந்தி ஒருத்தரையும் வாய் திறக்க விடமாட்டார். இப்ப எல்லாருக்கும் தலையாட்டி ‘மிக நல்ல கருத்து’ எண்டு சொல்லுறார். சேஷாத்ரி அங்கிள் தனக்கு முழங்கால் ஒப்பரேஷன் எண்டு சொல்ல, ‘மிக நல்ல கருத்து, இதை வருசாவருசம் செய்ய வேணும்’ எண்டார்.”

சிரிப்பை அடக்க அருந்தவன் ஸ்டியரிங்கைக் கடிக்க வேண்டியிருந்தது. லக்ஷ்மிப்ரியா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத இடத்தில்தான் சரக்கு இருக்கும் என்பது அவன் அனுபவம்.

“முதல்ல வடை,” என்றாள் அவள்.

குசினி மண்டபத்தின் பின்பக்கம் இருந்தது. பொதுக்கூட்டத்துக்கான வடையும் தேநீரும் தயாராகிக்கொண்டிருந்தன. வாசலுக்கு நேரே, உயரத் தட்டில், சரிகைக் கரை வைத்த சிவப்புத் துணி மூடி, அகலமாக ஒன்று. துணிக்கு மேலே சந்தனம், குங்குமம், ஒரு பிளாஸ்டிக் மாலை. அருந்தவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒருமுறை மனமுருகிக் கும்பிட்டான். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தன் பக்தியை மெச்சுகிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“நல்ல பிள்ளை. இருந்து சாப்பிடுங்கோ,” என்றார் யோகா அன்ரி. குசினி அணியின் தளபதி அவர். எண்ணெயிலிருந்து வடை அரிக்கும் கண்ணகப்பையைச் செங்கோல் மாதிரிப் பிடித்திருந்தார்.

லக்ஷ்மிப்ரியா ஒரு வடையைக் கடித்தாள். கடிப்பதற்குச் சற்று முயற்சி தேவைப்பட்டதை அருந்தவன் கவனித்தான்.

“அருமையா இருக்கு ஆன்ட்டி. சேஷாத்ரி சார் இதைப் போய் என்ன சொன்னாராம்?”

யோகா அன்ரி கண்ணகப்பையைக் கீழே வைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டு தரம் வறட்டு இருமல் இருமினார். பிறகு அவர் வாயிலிருந்து அச்சொட்டான சென்னைத் தமிழ் வந்தது.

“‘க்கும்… க்கும்… தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வடைய எம்சிஜி மைதானத்துல பந்துக்குப் பதிலா போட்டா, ரெண்டு டெஸ்ட் மேட்ச் தாங்கும் சார்!’”

குசினி முழுவதும் சிரித்தது. சிரிப்புக்குள் பழைய கோபமும் கொஞ்சம் பொரிந்தது.

“ஆர் அன்ரி வந்து சொன்னது?” என்று கேட்டான் அருந்தவன்.

“ஆரும் வந்து சொல்ல வேணுமோ? அதைத் தலைவரிட்டைக் கேளுங்கோ தம்பி. எல்லாம் அவற்ர ஏற்பாடுதானே.”

“தலைவர் என்ன பேசினார்னு தெரியுமா?” என்றாள் லக்ஷ்மிப்ரியா.

யோகா அன்ரி யோசித்தார். மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் யோசித்தார்கள்.

“அவர் ஒண்டும் கதைக்கிறேல்லையே பிள்ளை. இப்ப நல்லா அடங்கிட்டார். தங்கமான மனுசன்.”

வெளியே நடைக்கு வந்ததும் அருந்தவன் விரலைச் சொடக்கினான். “வழக்கு முடிஞ்சுது அக்கா. கள்ளன் தலைவர்தான். தானே கதையை அவிட்டு விட்டிட்டுத் தர்சினியின்ர தலையிலை கட்டுறார். தான் என்னத்தைக் கதைச்சன் எண்டு மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.”

“அந்த ஆளா? தான் பேசினதை மட்டும் சொல்லாம விடுவாரா? வெளியில பலகையைப் பாத்தீங்கதானே.”

அருந்தவன் சொடக்கிய விரலை மடக்கிக்கொண்டான்.

“இன்னொண்ணு,” என்றாள் அவள். “கோள் சொல்றவங்க விஷயத்தைச் சொல்வாங்க. இருமலையுமா சொல்வாங்க? அதுவும் ரெண்டு தடவை?”

தலைவர் மகேந்திரராஜா அவர்களை நின்றபடி வரவேற்றார். நின்றால்தான் கோட்டின் மடிப்பு தெரியும். சுவர் நிறைய அவருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்கள். போர்த்துகிற ஆள் மாறினார், பொன்னாடை மாறியது, இவருடைய புன்னகை மட்டும் ஒரே அச்சு.

“நான் வேலைப்பளு கூடின ஆள். சுருக்கமாச் சொல்லுறன்,” என்று தொடங்கினார். அதன்பிறகு அவர் சுருக்கமாகச் சொன்னதில் அவருடைய பள்ளிக்கூடக் காலம், வன்னியில் கட்டிய பாலங்கள், ஒன்றியத்துக்கு அவர் வருவதற்கு முன் நிலவிய இருட்டு எல்லாம் அடங்கின. அருந்தவன் படங்களை எண்ணத் தொடங்கி, களைத்து விட்டுவிட்டான்.

“ஒண்டு கவனிச்சீங்களோ?” என்று கடைசியில் தலைவர் குரலைத் தாழ்த்தினார். “வெளியிலை போன கதையிலை என்ர வசனம் ஒண்டுகூட இல்லை. எவ்வளவு அரிய கருத்துகள் சொன்னனான்! சேஷாத்ரியின்ர வடைக் கதை போயிருக்கு, என்ர தொலைநோக்கு போகேல்லை. இதுக்குப் பேர் பொறாமை இல்லாமல் வேறென்ன?”

அவர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார்.

லக்ஷ்மிப்ரியா மேசையைச் சுற்றி வந்தாள். கிரிக்கெட் மைதானத்துத் திரை மாதிரி ஒரு பெரிய மொனிட்டர். அதன்மேல் கமெரா. கீழே கணினிப் பெட்டி. மொனிட்டருக்கு இருபுறமும் பழைய சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றின் சத்தத்தைக் கூட்டும் திருகு, இனித் திருக இடமில்லை என்னும் அளவுக்குத் திருகப்பட்டிருந்தது.

“கம்ப்யூட்டர் புதுசா சார்?”

“பெட்டி பழசு. உள்ளை கிராஃபிக்ஸ் அட்டை புதுசு. போன மாசம் நானே பூட்டினது.” தலைவர் முகம் மலர்ந்தது. “பழைய அட்டையோட, எனக்குப் பின்னாலை கோயில் கோபுரப் படத்தைப் போட்டா, கோபுரம் என்ர இடது காதை விழுங்கிப் போடும். ஒரு தலைவருக்கு அது அழகில்லைத்தானே. தர்சினி ஆள் பிடிப்பம் எண்டவ. பாலம் கட்டின எனக்கு ஒரு அட்டை பூட்ட ஆள் வேணுமோ? பின்னாலை சுவரிலை இருந்து ஒரு வயரும் சும்மா தொங்கிச்சுது. அட்டையிலை ஒரு ஓட்டையும் மிச்சம் இருந்தது. அதையும் கொழுவி விட்டன். நான் அரைகுறையா ஒண்டும் செய்யிறேல்லை.”

“இப்போ எல்லாம் சரியா வேலை செய்யுதா?”

மகேந்திரராஜாவிடம் முதல்முறையாகப் பேச்சில் ஒரு இடைவெளி விழுந்தது.

“பிரமாதம்,” என்றார்.

“அப்போ ஒரு சின்ன சோதனை. உங்க லைனை வெளியிலேர்ந்து யாராவது கேக்க முடியுமான்னு பாத்துடலாம். அருந்தவன் கார்ல இருந்து சூம்ல வருவார். நீங்க வழக்கம்போல கூட்டம் நடத்துங்க. நான் இப்படி ஓரமா இருக்கேன்.”

வாசல்வரை அவனுடன் வந்தவள் காதருகே மெல்லச் சொன்னாள்: “வாய்க்கு வந்ததைப் பேசுங்க. பூட்டைத் திறந்தாச்சு.”

காரின் கண்ணாடிகளை நான்கு பக்கமும் ஏற்றிவிட்டு, அருந்தவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். திரையில் கோபுரம் தெரிந்தது. அதன்முன் தலைவர் தெரிந்தார், இரண்டு காதுகளும் பத்திரமாக.

“வணக்கம் அங்கிள். நான் கதைக்கிறது கேக்குதோ?”

அவன் உதடு அசைந்து நிற்கும்வரை தலைவர் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தார். நின்றதும் கம்பீரமாகத் தலையசைத்தார்.

“மிக நல்ல கருத்து.”

அருந்தவன் கைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒருமுறை பார்த்தான். இவருக்குக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்தது. இன்னொன்றை விட்டுப் பார்க்கலாம்.

“அங்கிள், உங்கட தலைமயிர் டை நெத்தியிலையும் வழிஞ்சு கிடக்கு.”

“மனமார வரவேற்கிறேன்.”

“எங்கட சித்தப்பாவுக்குக் கன நாளா நித்திரை வராது. போன வருசம் உங்கட பொங்கல் உரையைக் கேட்டவர். இன்னும் எழும்பேல்லை.”

“இதை வருசாவருசம் செய்ய வேணும்.”

அருந்தவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ட்ருகனினா மேலாளர் இப்படி ஒரு மனிதராக வாய்த்திருந்தால் அவன் இன்றைக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருப்பான்.

“அங்கிள், வெளியிலை இருக்கிற பெயர்ப்பலகையை இன்னும் கொஞ்சம் பெருசாக்கி லைற்றும் போட்டா, விமானங்கள் நேரா இங்கயே இறங்கலாம்.”

“ஏகமனதாக ஏற்றுக்கொள்கிறோம்,” என்றார் தலைவர். கையையும் தூக்கினார்.

அந்த நேரத்தில்தான் கார்க் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்டது. அருந்தவன் துள்ளினான். வெளியே கண்ணகப்பையுடன் யோகா அன்ரி. சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவன் கண்ணாடியை இறக்கினான்.

“தம்பி, அந்த டைக் கதை சரிதான். நாங்களும் பார்த்தனாங்கள். ஆனா விமானம் இறங்கும் எண்டது கொஞ்சம் கூடிப் போச்சு. அவரும் ஒரு பெரிய மனுசன்தானே.”

அருந்தவன் கைபேசியைப் பார்த்தான். மூடியிருந்த மற்ற மூன்று கண்ணாடிகளைப் பார்த்தான். தூரத்தில், மண்டபத்தின் பின்பக்கம் இருந்த குசினிக் கதவைப் பார்த்தான்.

“அன்ரி, நான் இங்க காருக்குள்ளை கதைச்சது உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?”

“எப்பவும் கேக்கிற மாதிரித்தான். ஏன், இண்டைக்கு உங்களைக் கூப்பிட்டு ஒலிபரப்புறார் எண்டு நினைச்சம்.”

அவன் ஓடிய வேகத்தில் ஒரு சப்பாத்து கழன்று காரடியிலேயே கிடந்தது.

லக்ஷ்மிப்ரியா அவனுக்கு முன்பே குசினிக்கு வந்து நின்றாள். பெண்கள் சிரித்து ஓய்ந்து, தேநீர்க் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கேர்ந்து கேக்குது ஆன்ட்டி?”

யோகா அன்ரி உயரத் தட்டைக் காட்டினார். கதிரை ஒன்றைப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி, சிவப்புத் துணியை மெல்ல உருவினார்.

உள்ளே இருந்தது ஒரு தொலைக்காட்சி. அதன் நெற்றியிலும் சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. திரையில், கணினியின் முகப்புப் படமாக, பொன்னாடை போர்த்திய மகேந்திரராஜா நிரந்தரப் புன்னகையுடன் காட்சி தந்தார்.

தான் சப்பாத்தைக் கழற்றி மனமுருகிக் கும்பிட்டது யாரை என்று அருந்தவனுக்கு விளங்கியது. குசினி இன்னொரு தரம் சிரித்தது. இந்த முறை அவனால் அதைப் பக்தியின் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

“எண்ணெய் தெறிக்கும் எண்டு மூடினது தம்பி,” என்றார் யோகா அன்ரி. “ரிமோட் எப்பவோ துலைஞ்சு போச்சு. சனிக்கிழமை காலமையிலை நாங்கள் சமைக்க வந்து கிரைண்டர் சுவிட்சைப் போட்டா இதுவும் சேர்ந்து எழும்பும். விழா நாளிலை மேடையிலை நடக்கிறதை நாங்கள் சமைச்சுக்கொண்டே பார்க்கட்டும் எண்டுதான் முந்தி இதை வச்சவை.”

லக்ஷ்மிப்ரியா தொலைக்காட்சியின் பின்னாலிருந்து சுவருக்குள் போன வயரை விரலால் தொட்டாள்.

“இதோட மறுமுனைதான் ஆபீஸ்ல சும்மா தொங்கிட்டு இருந்திருக்கு. படமும் சத்தமும் சேர்ந்து போற வயர். தலைவர் அதைப் புது கார்டுல சொருகினார். கம்ப்யூட்டர் பாத்துச்சு: அட, புதுசா ஒரு டிவி வந்திருக்கு, இனிமே சத்தத்தையெல்லாம் அங்கேயே அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிடுச்சு. மேசை மேல இருக்கிற பழைய ஸ்பீக்கரை மறந்துடுச்சு. கார்டு மாத்தினா நெறைய வீட்டுல நடக்கிறதுதான்.”

“அப்ப தலைவர் கதைக்கிறது மற்ற ஆக்களுக்கு எப்பிடிப் போனது?”

“மைக் கேமராவுல இருக்கு. அது பாட்டுக்கு வேலை செய்யுது. மத்தவங்க பேசுறது மட்டும் இங்க வந்து விழுது, இருமலோட. அவர் பேசுறது அவரோட மெஷினுக்கே திரும்பி வராதே. அதான் இங்க இருக்கிறவங்களுக்கு அவர் ஊமை, அவருக்கு ஊரே ஊமை.”

அருந்தவன் கணக்குப் பார்த்தான். “எண்டா, ஒரு மாசமா அந்தாளுக்கு ஒண்டுமே கேக்கேல்லை?”

“ஒண்ணுமே. திருகைக் கடைசி வரைக்கும் திருகிப் பாத்திருக்கார். கேக்கலன்னு சொல்லத்தான் வாய் வரல.”

இடது காதைக் காப்பாற்றப் போய் இரண்டு காதையும் பறிகொடுத்த மனிதரை நினைத்து அருந்தவன் ஒரு கணம் மௌனம் அனுட்டித்தான்.

யோகா அன்ரி மட்டும் குழம்பிப்போய் நின்றார். “கேக்கேல்லையோ? நாங்கள் என்னெண்டா, தேர்தலிலை ‘வெளிப்படையான நிருவாகம்’ எண்டு மேடை மேடையாச் சொன்னவர்தானே, அதைத்தான் செய்யிறார் எண்டு நினைச்சம். சொன்ன வாக்கைக் காப்பாத்தின முதல் தலைவர் எண்டு போன கிழமை அவருக்கு ரெண்டு வடை கூடவும் வச்சனான்.”

அலுவலகக் கதவை இந்தத் தடவை லக்ஷ்மிப்ரியாவே சாத்தினாள். தர்சினியையும் கூட்டிவந்திருந்தாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன், திரையின் மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அமுக்கினாள். ஒரு பட்டியல் விரிந்தது. அதில் தொலைக்காட்சியின் பெயருக்கு நேரே இருந்த அடையாளம், அவள் அமுக்கியதும் மேசை ஸ்பீக்கருக்கு மாறியது. பிறகு ஒரு சோதனை மணியை ஒலிக்கவிட்டாள். கடைசிவரை திருகியிருந்த ஸ்பீக்கர்கள் கோயில் காண்டாமணி மாதிரி அதிர்ந்தன. தலைவர் கதிரையோடு ஓரடி பின்னால் போனார்.

“கேக்குது,” என்றார் மெல்ல. பொன்னாடைப் படங்கள் எதிலும் இல்லாத முகம் அது.

“முதல் கிழமையே சொல்லியிருக்கலாமே அங்கிள்,” என்றாள் தர்சினி.

“நானே பூட்டினது எண்டு எல்லாருக்கும் சொல்லிப் போட்டன் பிள்ளை. பிறகு எப்பிடி?” அவர் கழுத்துப் பட்டியைத் தடவினார். “வாய் அசையிறது நிண்டா, ‘நல்ல கருத்து’ எண்டு சொன்னாப் போதும். ஒருத்தரும் ஆட்சேபிக்கேல்லை. உண்மையிலை எல்லாருக்கும் சந்தோசமாத்தான் இருந்தது.”

அது உண்மை என்பதுதான் சங்கடம். ஒன்றியத்தின் வரலாற்றில் சண்டை இல்லாமல் நடந்த கூட்டங்கள் அவை மட்டும்தான்.

“இப்போ விஷயம் இவங்க பேர்,” என்றாள் லக்ஷ்மிப்ரியா. “மேடையில நீங்க ரெண்டு விதமாச் சொல்லலாம். ஒரு மாசம் ஒரு வார்த்தை கேக்காம உக்காந்து தீர்மானம் நிறைவேத்தினேன்னு சொல்லுங்க. இல்ல, யாரும் எதையும் கசியவிடல, எல்லாம் என் கம்ப்யூட்டர்லேர்ந்து நேரா குசினிக்குப் போன ஒலிபரப்புன்னு சொல்லுங்க. ரெண்டுமே உண்மை. ரெண்டுலயும் இவங்க சுத்தம்.”

“எதைச் சொன்னாலும் பரவாயில்லை. என்னட்டை மன்னிப்புக் கேக்கிறது மேடையிலை, மைக்கிலை,” என்றாள் தர்சினி.

மகேந்திரராஜா யோசித்தார். யோசிக்க யோசிக்க முதுகு நிமிர்ந்தது. கோட்டு மடிப்பு திரும்ப வந்தது. எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை அருந்தவன் அந்த மடிப்பிலேயே வாசித்துவிட்டான்.

பொதுக்கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவரைத் தூக்கப் போகிறார்கள் என்றால் நம்மவர்கள் நேரத்துக்கே வந்துவிடுவார்கள்.

தலைவர் நீண்ட நேரம் பேசினார். அதில் “பரீட்சார்த்த ஒலிபரப்பு” வந்தது. “முன்னோடித் திட்டம்” வந்தது. குசினியில் உழைக்கும் தாய்மாரின் தகவல் அறியும் உரிமை, ஆஸ்திரேலியாவில் வேறெந்தத் தமிழ் அமைப்பும் கனவிலும் காணாத வெளிப்படைத்தன்மை, எல்லாம் வந்தன. கடைசியில், வேண்டாத விருந்தாளி மாதிரி, மன்னிப்பும் வந்தது.

“ஆகவே… செயலாளர் தர்சினி எந்தக் கதையையும் ஆருக்கும் சொல்லேல்லை. அவவிலை எந்தப் பிழையும் இல்லை. அவசரப்பட்டுக் குற்றம் சாட்டினது நான். அவவிட்டை… மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுறன்.”

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்த முரளிதரன் எழுந்து தர்சினியைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் அவசரமாகத் தலையாட்டி அவரை உட்காரவைத்தாள், நாடகத்தைத் திரும்பத் தொடங்கிவிடுவாரோ என்ற பயம். மேடையில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் தர்சினியின் தோளைத் தொட்டு, மகளின் நடன வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டாள். தர்சினி அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். அது பின்வரிசையில் நின்ற அருந்தவனுக்கே தெரிந்தது.

“முடிஞ்சுதக்கா. போவமோ?” என்றான்.

“இருங்க,” என்றாள் லக்ஷ்மிப்ரியா.

மண்டபத்தின் பின்னாலிருந்து யோகா அன்ரி எழுந்திருந்தார்.

“தலைவர், நான் ஒரு தீர்மானம் கொண்டு வாறன். இவ்வளவு அருமையான திட்டத்தை ஏன் பரீட்சார்த்தமா வைச்சிருப்பான்? இனிமேல் செயற்குழு கதைக்கிறது ஒவ்வொரு கிழமையும் நேரா ஒலிபரப்பாக வேணும். குசினிக்கு மட்டுமில்லை, இந்த மண்டபத்துக்கும். அதோட இவ்வளவு நாளும் உங்கட குரல் எங்களுக்கு வரேல்லை. அதையும் சேர்க்க வேணும். நீங்கள் எதுக்கு என்ன பதில் சொல்லுறீங்கள் எண்டு நாங்களும் கேக்கத்தானே வேணும்?”

மேடையில் பொருளாளர் சேஷாத்ரி இரண்டு தரம் இருமினார்.

“நான் வழிமொழியிறன்,” என்றாள் தர்சினி.

கைகள் மேலெழுந்தன. முதலில் குசினி அணி, பிறகு நாடகக்காரர், பிறகு வரிசை வரிசையாக மண்டபம் முழுவதும். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, தன் ஒன்றியம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தலைவரின் காதில் துல்லியமாக விழுந்திருந்தது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். உதடுகள் அசைந்தன.

தர்சினி மேடை மேசையில் தன் முன்னால் இருந்த ஒலிவாங்கியைத் திறந்தாள்.

“தலைவர், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ. எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை.”